ஒரே டெஸ்ட் ஷீட், எல்லா மாடலுக்கும் சரியான சார்ட் அச்சு: எக்செல், லிப்ரே ஆபிஸ், கூகுள் ஷீட்ஸில் எது தேறும்?

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு பக்கம் பம்ப் செய்யும் யூனிட்களில் டெஸ்ட் பெஞ்ச் கம்ப்யூட்டரில் பெரும்பாலும் ஒரே ஒரு ஸ்ப்ரெட்ஷீட்தான் ஓடும். மாடல் பெயரை மாற்றி ரீடிங்கை அடித்தால், ஹெட் (பம்ப் தண்ணீரை ஏற்றும் உயரம்), டிஸ்சார்ஜ் (வெளியே வரும் தண்ணீரின் அளவு) இரண்டையும் காட்டும் ஹெட்-டிஸ்சார்ஜ் கர்வ் வந்துவிடும். ஐ.எஸ். 9079 என்ற இந்தியத் தரவிதிப்படி மோனோசெட் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இணைந்தது) வந்தாலும் சரி, ஐ.எஸ். 8034 படி சப்மெர்சிபிள் (நீர்மூழ்கி) வந்தாலும் சரி, அதே ஃபைல், அதே சார்ட். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஒரு ஹெச்.பி. மோனோசெட்டுக்கு ஷட்ஆஃப் ஹெட் (வால்வை முழுதும் மூடும்போது வரும் ஹெட்) 24 மீட்டர் என்று வையுங்கள், 5 ஹெச்.பி. போர்வெல் பம்புக்கு 150 மீட்டர். பெரிய பம்புக்காகச் சார்ட்டின் செங்குத்து அச்சை (ஆக்ஸிஸ்) 0 முதல் 160 என்று பூட்டிவிட்டால், சின்ன பம்பின் கர்வ் மொத்தமும் சார்ட்டின் அடிப்பகுதியில் 15 சதவீத உயரத்துக்குள் நசுங்கிக் கிடக்கும். டூட்டி பாயிண்ட்டை, அதாவது பம்ப் வேலை செய்ய வேண்டிய ஹெட்-டிஸ்சார்ஜ் புள்ளியை, அதில் கண்ணால் படிக்க முடியாது.

அப்படியானால் ஆட்டோவில் விட்டுவிடலாமே என்றால், எக்செலின் ஆட்டோவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. எல்லா மதிப்பும் பாசிட்டிவாக இருந்து, பெரிய மதிப்புக்கும் சிறிய மதிப்புக்கும் உள்ள வித்தியாசம் பெரிய மதிப்பில் 16.67 சதவீதத்தைத் தாண்டினால் அச்சு 0-இல் தொடங்கும். அதற்குள் இருந்தால் மேலே எங்கேயோ தொடங்கும். ஹெட் ரீடிங் 106, 103, 99, 95, 92 என்று ஐந்து இருந்தால் வித்தியாசம் 14. அது 106-இல் 13.2 சதவீதம், அச்சு 85-ஐ ஒட்டித் தொடங்கும், கர்வ் செங்குத்தாக விழுவது போலத் தெரியும். அதே பம்புக்கு 88 என்று இன்னொரு ரீடிங் சேருங்கள். வித்தியாசம் 18, அதாவது 16.98 சதவீதம். அச்சு சட்டென்று 0-க்குப் போய்விடும், கர்வ் படுத்துவிடும். பம்ப் மாறவில்லை, ரீடிங் ஒன்று கூடியது, அவ்வளவுதான். இரண்டு பிரிண்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர் இம்பெல்லரை (பம்புக்குள் சுழலும் சக்கரத்தை) மாற்றிவிட்டார்கள் என்றே நினைப்பார்.

ஆக, குறைந்த அளவு, அதிக அளவு, இடைவெளி மூன்றும் செல்லில் கணக்காகி, அச்சு அந்தச் செல்லைக் கேட்டு நடக்க வேண்டும். எக்செல், லிப்ரே ஆபிஸ் கால்க், கூகுள் ஷீட்ஸ் மூன்றிலும் இதை நேரடியாகச் செய்ய வழியில்லை. எக்செலில் சார்ட் தலைப்பைத் தேர்ந்தெடுத்து ஃபார்முலா பட்டையில் சமக்குறி போட்டு ஒரு செல்லைக் காட்டினால் ஏற்றுக்கொள்ளும். அச்சின் மினிமம், மேக்ஸிமம் பெட்டி எண்ணைத் தவிர எதையும் ஏற்காது. இத்தனை வருடமாக இது ஏன் இப்படியே இருக்கிறது என்பது அவர்களுக்கே வெளிச்சம். எனவே சுற்றுவழிகளைத்தான் இங்கே எடைபோட வேண்டியிருக்கிறது.

முதலில் செல்லில் வர வேண்டிய கணக்கு

எந்த மென்பொருளாக இருந்தாலும் இந்தப் பகுதி பொது. இது சரியில்லாவிட்டால் மேக்ரோ எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

சார்ட்டில் எப்போதும் 8 கட்டம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். காரணம், எபிஷியன்சி (பம்பின் திறன் சதவீதம்) வலப்பக்க அச்சில் 0 முதல் 80 என்று நிலையாக நிற்கும், 10-க்கு ஒரு கோடு, ஆக 8 கட்டம். ஹெட் அச்சுக்கும் அதே 8 இருந்தால் இரண்டு பக்க எண்களும் ஒரே கோட்டில் உட்காரும். எபிஷியன்சி அச்சைச் செல்லோடு கட்டவே வேண்டாம். கட்டினால் மட்டமான பம்பும் நல்ல பம்ப் மாதிரித் தெரியும்.

அதிகபட்ச ஹெட்டை 1.05-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் கச்சா இடைவெளி கிடைக்கும். அதன் 10-அடுக்கைக் கண்டுபிடிக்க லாக்10 போட்டு, இன்ட் போட்டு, 10-இன் அடுக்காக எழுதுங்கள். கச்சா இடைவெளியை அந்த அடுக்கால் வகுத்தால் 1-க்கும் 10-க்கும் நடுவே ஓர் எண் வரும். அதை 10, 8, 6, 5, 4, 3, 2.5, 2, 1.5, 1 என்று இறங்குவரிசையில் வைத்த பட்டியலில் மேட்ச் ஃபங்ஷனால் தேடுங்கள். மூன்றாவது வாதம் மைனஸ் 1. அப்போது தேடும் எண்ணுக்குச் சமமான அல்லது அதற்கு அடுத்த பெரிய எண் பட்டியலில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று கிடைக்கும், இன்டெக்ஸ் ஃபங்ஷனால் அந்த எண்ணை எடுங்கள். அதை 10-அடுக்கால் பெருக்கினால் இடைவெளி, இடைவெளியை 8-ஆல் பெருக்கினால் அதிக அளவு, குறைந்த அளவு 0. ஏறுவரிசையில் வைத்தால் மைனஸ் 1 வேலை செய்யாது.

150 மீட்டர் பம்புக்குக் கச்சா இடைவெளி 19.69, முடிவு 20, அச்சு 0 முதல் 160. 24 மீட்டருக்கு 3.15, முடிவு 4, அச்சு 0 முதல் 32. 106 மீட்டருக்கு 13.91, முடிவு 15, அச்சு 0 முதல் 120. மூன்றிலும் கர்வ் சார்ட்டின் முக்கால் உயரத்துக்குக் குறையாமல் வரும்.

டிஸ்சார்ஜ் அச்சில்தான் பலர் இடறுகிறார்கள். அதிகபட்சம் வினாடிக்கு 2.6 லிட்டர் என்றால் கச்சா இடைவெளி 0.341. லாக்10 மதிப்பு மைனஸ் 0.467. இன்ட் இதை மைனஸ் 1 ஆக்கும், அடுக்கு 0.1, இடைவெளி 0.4, அச்சு 3.2 வரை. இன்ட்டுக்குப் பதில் ட்ரங்க் போட்டால் 0 வரும், அடுக்கு 1 ஆகும், இடைவெளி 1 ஆகும், அச்சு 8 லிட்டர் வரை ஓடி, கர்வ் இடது மூலையில் ஒடுங்கும். அச்சு எண்ணின் ஃபார்மேட்டையும் பாருங்கள்: தசமம் இல்லாத ஃபார்மேட் இருந்தால் 0, 0, 1, 1, 2, 2, 2, 3, 3 என்று அச்சில் எழுத்து வரும். சார்ட் தப்பு என்று நினைத்து மேக்ரோவைத் தோண்டுவார்கள். ஜெனரல் என்று மாற்றினால் தீர்ந்தது.

கூடவே ஓர் ஓவர்ரைடு செல் வையுங்கள். அது காலியாக இருந்தால் கணக்கு வந்த மதிப்பு, எண் இருந்தால் அந்த எண்: ஒரு இஃப் போதும். பழைய இம்பெல்லரையும் புதிய இம்பெல்லரையும் ஒப்பிடும்போது இரண்டு ஷீட்டிலும் ஒரே அளவைக் கையால் அடித்துப் பூட்டலாம். இந்த வசதிக்காகவே இவ்வளவு பாடும் தகும்.

எக்செல்

எக்செலில் வழி வி.பி.ஏ. மேக்ரோ, அதாவது எக்செலுக்குள்ளேயே எழுதும் சிறு நிரல். அச்சுக்கு மினிமம்ஸ்கேல், மேக்ஸிமம்ஸ்கேல், மேஜர்யூனிட் என்று மூன்று பண்புகள் இருக்கின்றன. செல்லின் மதிப்பை அவற்றுக்குக் கொடுத்தால் அச்சு நகரும். வேலை மொத்தம் பத்து வரி. ஆனால் அந்தப் பத்து வரியை எங்கே எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சார்ட்டைத் தேர்ந்தெடுத்து, ஃபார்முலா பட்டைக்கு இடப்பக்கம் உள்ள பெயர்ப் பெட்டியில் 'ஹெட்கர்வ்' மாதிரி ஒரு பெயர் கொடுத்து என்டர் தட்டுங்கள். சார்ட் 1 என்று தானாக வந்த பெயரை நம்பினால், நாளைக்கு யாராவது சார்ட்டை அழித்து மறுபடி போட்டதும் மேக்ரோ நின்றுவிடும். மூன்று செல்லுக்கும் பெயர் சூட்டுங்கள். மேக்ரோவுக்குள் பி2 என்று எழுதினால் அது வெறும் எழுத்து. மேலே ஒரு வரி நுழைத்ததும் செல் பி3-க்குப் போகும், மேக்ரோ பி2-ஐயே பார்த்துக்கொண்டிருக்கும். பெயர் சூட்டிய செல் வரியோடு சேர்ந்து நகரும்.

அடுத்து, ஷீட் தாவலில் வலது கிளிக், வியூ கோட். அங்கே ஒர்க்‌ஷீட்டின் சேஞ்ச் நிகழ்வில் எழுதுவதா, கால்குலேட் நிகழ்வில் எழுதுவதா? சேஞ்ச் நிகழ்வு கையால் அடிக்கும்போது மட்டும் எழும். நம் மூன்று செல்லும் ஃபார்முலா. அவை மாறும்போது சேஞ்ச் அந்தச் செல்லுக்காக எழாது. எனவே கால்குலேட். மேக்ரோ வேலை செய்யவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பங்கு இந்த ஒரு தேர்வில் இருக்கும்.

கால்குலேட் அடிக்கடி எழும் என்பதால், மாற்றும் முன் இப்போதைய அளவோடு ஒப்பிட்டு, வேறாக இருந்தால் மட்டும் மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு ரீடிங்குக்கும் சார்ட் துடிக்கும். அதைவிட முக்கியம், மேக்ரோ எதையாவது மாற்றினால் எக்செலின் அன்டூ பட்டியல் காலியாகிவிடும். தப்பாக அடித்த ரீடிங்கைக் கன்ட்ரோல் இசட் போட்டு மீட்க முடியாமல் ஆபரேட்டர் திட்டுவது இதனால்தான்.

மேலும் மூன்று காவல் வேண்டும். மதிப்பு எண்தானா என்று பார்க்க வேண்டும். செல்லில் எரரோ எழுத்தோ இருந்தால் மேக்ரோ எரர் 13-இல் நிற்கும். குறைந்த அளவு அதிக அளவைவிடச் சிறியதுதானா என்று பார்க்க வேண்டும். ரீடிங் எதுவும் இல்லாத புது ஷீட்டில் அதிகபட்சம் 0 ஆகி லாக்10 எரர் கொடுக்கும், அதையும் இஃப்எரரால் பிடிக்க வேண்டும்.

டிஸ்சார்ஜ் அச்சையும் இப்படி ஓட்ட வேண்டுமானால் சார்ட் ஸ்கேட்டர் வகையாக (இரண்டு அச்சும் எண்ணாக உள்ள வகை) இருக்க வேண்டும். லைன் சார்ட் போட்டால் கீழ் அச்சு வெறும் பெயர்ப்பட்டியல். அதற்கு மினிமம், மேக்ஸிமம் கிடையாது, மேக்ரோ எரர் அடிக்கும். பம்ப் கர்வை லைன் சார்ட்டில் போடுவதே தவறு என்பது தனிக்கதை: ரீடிங்குகள் சம இடைவெளியில் இல்லாதபோதும் சம இடைவெளியில் போட்டுக் கர்வின் வடிவத்தையே மாற்றிவிடும்.

இன்னொரு வழி, தனி ஃபங்ஷன் ஒன்றை எழுதி அதை ஒரு செல்லில் ஃபார்முலாவாகப் போடுவது. செல்லில் இருந்து அழைக்கும் ஃபங்ஷன் வெளியே எதையும் மாற்றக் கூடாது என்பது எக்செலின் பொதுவான விதி. சார்ட் அச்சு விஷயத்தில் மட்டும் அது தப்பித்துப் போகிறது. பார்க்க அழகாக இருக்கும், நிகழ்வு எதுவும் வேண்டாம், ஒரு ஷீட்டில் பத்து சார்ட் இருந்தாலும் பத்து ஃபார்முலா போதும். ஆனால் மேக்ரோ முடக்கிய கம்ப்யூட்டரில் மறுகணக்கு ஓடியதும் அந்தச் செல்லில் நேம் எரர் வந்து, கஸ்டமருக்குப் போகும் ரிப்போர்ட்டில் அசிங்கமாக நிற்கும். டெஸ்ட் பெஞ்சுக்குள்ளேயே இருக்கும் ஃபைலுக்கு மட்டும் இதைச் சிபாரிசு செய்யலாம்.

ஃபைலை எக்ஸ்.எல்.எஸ்.எம். ஆகச் சேமிக்க வேண்டும், எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ். ஆகச் சேமித்தால் மேக்ரோ போய்விடும். மெயிலிலோ வாட்ஸ்அப் வெப்பிலோ வந்த ஃபைலில் மேக்ரோவை 2022 முதல் எக்செல் அடியோடு தடுக்கிறது, மஞ்சள் பட்டையில் அனுமதி கேட்பதுகூட இல்லை. ஃபைலை வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் அன்பிளாக் டிக் போட்டால்தான் ஓடும். போனில் உள்ள எக்செலிலும் பிரவுசர் எக்செலிலும் வி.பி.ஏ. ஓடாது. ஆனால் கடைசியாக மேக்ரோ வைத்த அளவு ஃபைலிலேயே பதிந்திருக்கும். டீலர் போனில் திறந்து பார்ப்பதோடு சரி என்றால் அச்சு சரியாகவே தெரியும். ரீடிங்கை மாற்றினால்தான் வம்பு.

மேக்ரோ இல்லாத எக்செல்

ஃபைல் கை மாறிப் போகும் என்றால் இந்த வழிதான் பத்திரம். அச்சை நகர்த்தாமல் டேட்டாவை நகர்த்துவது. ஹெட்டில் இருந்து குறைந்த அளவைக் கழித்து, அதிக அளவுக்கும் குறைந்த அளவுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து ஒரு துணைப் பத்தி போடுங்கள். எல்லா மதிப்பும் 0-க்கும் 1-க்கும் நடுவே வரும். சார்ட் அந்தப் பத்தியை வரையட்டும். அச்சை 0 முதல் 1, இடைவெளி 0.125 என்று ஒரே தடவை பூட்டி, அதன் எண்களை மறைத்துவிடுங்கள். பிறகு எக்ஸ் மதிப்பு எல்லாம் 0, ஒய் மதிப்பு 0, 0.125, 0.25 என்று 1 வரை 9 புள்ளிகள் கொண்ட ஒரு போலி சீரிஸ் சேர்த்து, மார்க்கரை எடுத்துவிட்டு, டேட்டா லேபிளில் 'செல்லில் இருந்து மதிப்பு' என்பதைத் தேர்ந்து, உண்மையான ஹெட் எண்கள் உள்ள 9 செல்லைக் காட்டுங்கள். லேபிள் இடம் இடப்பக்கம். ப்ளாட் பகுதியை இடமிருந்து கொஞ்சம் கையால் சுருக்குங்கள், இல்லாவிட்டால் எண்கள் வெட்டுப்படும். இந்த லேபிள் வசதி எக்செல் 2013-இல் வந்தது; 2010-இல் திறந்தால் எண்ணுக்குப் பதில் செல்ரேஞ்ச் என்ற சொல் அடைப்புக்குறியோடு நிற்கும்.

இதன் ஆபத்து ட்ரெண்ட்லைன். கர்வுக்கு இரண்டாம் படி ட்ரெண்ட்லைன் போட்டு, அதில் காட்டும் சமன்பாட்டை எடுத்து டூட்டி பாயிண்ட் ஹெட் கணக்கிடும் பழக்கம் நிறைய இடத்தில் உண்டு. இங்கே சமன்பாடு 0-1 அளவில் வரும், மீட்டரில் அல்ல. அதை எடுத்துப் போட்டால் 100 மீட்டர் பம்புக்கு 0.8 மீட்டர் ஹெட் வரும். கெழுக்களை லின்எஸ்ட் ஃபங்ஷனால் அசல் ரீடிங்கில் இருந்தே எடுங்கள்.

போலி சீரிஸில் குறைந்த அளவையும் அதிக அளவையும் மட்டும் போட்டு, ஆட்டோ அச்சை அதுவரை இழுக்கும் குறுக்குவழியும் புழக்கத்தில் இருக்கிறது. அச்சு பெரிதாகும், சிறிதாகாது. அதோடு எக்செல் மேலே 5 சதவீதம் சேர்த்துக்கொள்ளும்: 0 முதல் 160 வேண்டும் என்று 160 போட்டால் 180-க்குப் போகும், 152 போட வேண்டும். சார்ட்டின் அளவை மாற்றினால் இடைவெளியும் மாறும். அவசரத்துக்கு ஆகும், டெஸ்ட் ரிப்போர்ட்டுக்கு ஆகாது.

லிப்ரே ஆபிஸ் கால்க்

லைசென்ஸ் செலவு இல்லாதது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இந்தக் குறிப்பிட்ட வேலையில் கால்க் எக்செலைவிட ஒரு படி நேராக இருக்கிறது. ஷீட் தாவலில் வலது கிளிக் செய்து ஷீட் ஈவன்ட்ஸ் திறந்தால், உள்ளடக்கம் மாறியது, ஃபார்முலா கணக்கானது என்று இரண்டும் பட்டியலிலேயே இருக்கும். எழுதிய பேசிக் மேக்ரோவை இரண்டாவதில் மாட்டினால் முடிந்தது. சார்ட்டின் உள்ளே டயாக்ராம், அதற்குள் ஒய்ஆக்ஸிஸ், அதற்கு மின், மேக்ஸ், ஸ்டெப்மெயின் என்ற பண்புகள். திரும்ப ஆட்டோவுக்குப் போக ஆட்டோமேக்ஸ், ஆட்டோமின் என்று தனித்தனியாக இருக்கின்றன.

சார்ட்டைப் பெயரால் பிடிப்பதைவிட வரிசை எண்ணால் பிடியுங்கள்; முதல் சார்ட்டின் எண் 0. மேக்ரோ பாதுகாப்பு வழக்கமாக ஹை-இல் இருக்கும், கையொப்பம் இல்லாத மேக்ரோ முடங்கிக் கிடக்கும். செட்டிங்கை மீடியமாக்குவதைவிட, டெஸ்ட் ஃபைல் உள்ள ஃபோல்டரை நம்பகமான இடம் என்று சேர்ப்பது மேல். ஃபைல் ஓ.டி.எஸ். ஆகவே இருக்கட்டும், எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ். ஆகச் சேமித்தால் பேசிக் மேக்ரோ கூட வராது. எக்செலில் எழுதிய வி.பி.ஏ. ஃபைலைக் கால்க்கில் திறந்து அப்படியே ஓட்டிவிடலாம் என்று எதிர்பார்க்க வேண்டாம், சார்ட் விஷயத்தில் அது கைவிடும். குறை என்று பார்த்தால், கஸ்டமர் எக்செல் ஃபைல்தான் வேண்டும் என்றால் கால்க் உதவாது, பி.டி.எஃப். ஆக அனுப்பும் யூனிட்டுக்கு இதுவே போதும்.

கூகுள் ஷீட்ஸ்

சார்ட் எடிட்டரில் கஸ்டமைஸ் பகுதியில் செங்குத்து அச்சுக்கு மின், மேக்ஸ் பெட்டி உண்டு, எண் மட்டும். கூகுள் ஷீட்ஸின் மேக்ரோவான ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டில் சார்ட்டை எடுத்து, மாடிஃபை செய்து, வியூவிண்டோவின் மின், மேக்ஸ் ஆப்ஷனை வைத்து, அப்டேட்சார்ட் கொடுக்க வேண்டும். ஆன்எடிட் ட்ரிகரில் மாட்டினால் போனில் ரீடிங் அடித்தாலும் ஓடும்; எக்செலால் முடியாதது இது. ஆனால் ஆன்எடிட் கையால் அடிப்பதற்கு மட்டும் எழும், ஃபார்முலா மாறியதற்கு எழாது. எனவே எந்தச் செல் மாறியது என்று சல்லடை போடாமல், ரீடிங் பகுதியில் எது மாறினாலும் அளவுச் செல்லைப் படித்து வைக்கச் சொல்லுங்கள். சார்ட் உடனே மாறாது, ஒரு மூச்சு இழுத்துவிட்டுத்தான் மாறும். கையால் செய்த சில அலங்காரங்கள் மாடிஃபையில் உதிர்ந்துபோவதும் உண்டு. முதலில் ஸ்கிரிப்ட்டை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு நிறம், எழுத்தைச் சரிசெய்யுங்கள்.

கூகுள் ஷீட்ஸ் தனியாக ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு: ஸ்பார்க்லைன் ஃபங்ஷன். செல்லுக்குள்ளேயே வரையும் இந்தச் சின்ன கர்வுக்கு ஒய்மின், ஒய்மேக்ஸ், எக்ஸ்மின், எக்ஸ்மேக்ஸ் என்ற ஆப்ஷன்கள் இருக்கின்றன, அவற்றுக்குச் செல் முகவரியையே நேராகக் கொடுக்கலாம். ஸ்கிரிப்ட் வேண்டாம், ட்ரிகர் வேண்டாம். இரண்டு பத்தி கொடுத்தால் முதல் பத்தியை எக்ஸாக எடுத்துக்கொள்ளும், அதாவது டிஸ்சார்ஜ் இடைவெளி சரியாகவே வரும். மாடலுக்கு ஒரு வரி என்று நாற்பது மாடலின் கர்வை ஒரே அளவில் அடுக்கிப் பார்க்க இதைவிடச் சுளுவான வழி இல்லை. எக்செலிலும் ஸ்பார்க்லைன் உண்டு, ஆனால் அதன் அச்சும் எண்ணை மட்டுமே ஏற்கும்.

மைக்ரோசாஃப்ட்டின் ரிப்போர்ட் மென்பொருளான பவர் பி.ஐ. டெஸ்க்டாப்பில் ஒய் அச்சின் மினிமம், மேக்ஸிமம் பக்கத்தில் எஃப்.எக்ஸ். பட்டன் இருக்கிறது, ஒரு மெஷர் (அதன் கணக்கு ஃபார்முலா) எழுதி மாட்டலாம். அதாவது வேண்டிய வசதி அங்கே கூடவே வருகிறது. ஆனால் ரீடிங் அடிக்க அது ஷீட் அல்ல, டெஸ்ட் பெஞ்சுக்கு அது கனம்.

அச்சைச் செல்லோடு கட்டத் தேவையே இல்லாத சார்ட்டும் நிறைய. பவானிசாகர் நீர்மட்டம் வரைகிறவருக்கு உச்சம் 105 அடி. 0, 105, இடைவெளி 15 என்று பெட்டியில் ஒரு தடவை அடித்தால் ஆயுளுக்கும் போதும். நாமக்கல் முட்டை விலை, ஈரோட்டு மஞ்சள் விலை வரைகிறவருக்குத் தேவை வேறு: விலை அச்சைவிடத் தேதி அச்சுதான் நகர வேண்டும். எக்செலில் கீழ் அச்சைத் தேதி அச்சு என்று மாற்றினால் அதற்கும் மினிமம்ஸ்கேல், மேக்ஸிமம்ஸ்கேல் வேலை செய்யும், மதிப்பு தேதியின் வரிசை எண். 1-1-2024 என்றால் 45292. டுடே ஃபங்ஷனில் இருந்து 30 கழித்து ஒரு செல்லில் வைத்தால் கடைசி 30 நாள் மட்டும் தெரியும். தேதிப் பத்தியில் ஒரே ஒரு தேதி எழுத்தாக அடிபட்டிருந்தாலும், அச்சு வகை ஆட்டோவில் இருக்கும்போது எக்செல் அதைப் பெயர்ப்பட்டியல் அச்சாக எடுத்துக்கொள்ளக்கூடும், மேக்ரோ அங்கேயே எரர் கொடுக்கும். ஐஸ்நம்பர் போட்டுப் பத்தியைச் சோதித்துவிட்டு, அச்சு வகையைத் தேதி என்று கையால் பூட்டுங்கள்.